சீரியல் பார்க்கிறவர்களுக்கு அது பொய் என்று தெரியாதா?

கேள்வி இதுதான்: "சீரியலில் நடப்பது எதுவுமே நம்புகிற மாதிரி இல்லை. செத்தவர் திரும்பி வருகிறார், தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறுகிறது, ஒரே கையெழுத்தில் சொத்து கைமாறுகிறது. எங்கள் வீட்டில் அம்மாவும் அத்தையும் இதை நிஜமென்று நம்பித்தான் பார்க்கிறார்களா? இதில் நிஜம் என்று ஏதாவது இருக்கிறதா?"

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்கும் சொத்து வழக்கும் நடத்துகிறவன். ராத்திரி ஏழரைக்கு மேல் அம்மாவோடு டிவி முன்னால்தான் சாப்பாடு. பகலில் கட்டுக் கட்டாக நிஜக் கதை, ராத்திரியில் சீரியல் கதை. இரண்டையும் விடாமல் பார்க்கிற ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பொய் என்று அவர்களுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். என் அம்மாவுக்கு 74 வயது. முறத்தில் கீரையைக் கொட்டி ஆய்ந்துகொண்டே பார்ப்பார். ஒருநாள் கதாநாயகி விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுகிறாள், தலையில் மல்லிகை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அம்மாவின் கை நின்றுவிட்டது. "ஏய்யா, இது நேத்து வச்ச பூவா, இன்னைக்கு வச்ச பூவா? நேத்து வச்சதுன்னா பழுத்துப்போயிருக்கணும். இன்னைக்கு வச்சதுன்னா, அவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி யாருய்யா வந்து தலையில வச்சது?"

அதே ராத்திரி, அதே தொடரில், மலையிலிருந்து உருண்டு ஆறு மாதத்துக்கு முன் செத்துப்போன ஒருவன் வேறு முகத்தோடு திரும்பி வந்தான். அறுவை சிகிச்சையில் முகம் மாறிவிட்டதாம். நான்தான் பொங்கினேன். அம்மா நிமிரவேயில்லை. "பழைய ஆளு வேற சேனலுக்குப் போயிட்டான்ல. இவங்க என்ன செய்வாங்க, பாவம்."

பூவுக்குக் கணக்குக் கேட்டவர், உயிர்த்தெழுந்தவனுக்குக் கேட்கவில்லை. நான் இத்தனை வருடம் பார்த்த வரையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். கதை எப்படித் திரும்பினாலும் அது தயாரிப்பாளர் பாடு. நடிகர் விலகலாம், கால்ஷீட் கிடைக்காமல் போகலாம், "இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுத்து ஓடலாம். அதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் ஒரு வீடு எப்படி நடக்கிறது, யார் யாரை எப்படிக் கூப்பிடுவது, எந்தப் பேச்சுக்கு எந்த மருமகள் எழுந்து போவாள், அது அவர்களுடைய துறை. அங்கே தப்பு வந்தால் விடமாட்டார்கள்.

மதுரையில் நடப்பதாக ஒரு கதை வந்தால் எங்கள் வீட்டில் அது பரீட்சை பேப்பர் மாதிரி. முதலில் மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைக் காட்டுவார்கள், அப்புறம் திருமலை நாயக்கர் மகால் தூண், தெப்பக்குளத்து மைய மண்டபம். மூன்றும் முடிந்ததும் சென்னைப் புறநகரில் ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற பங்களா. மாடிப்படி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும். இதுவரை பிரச்சினை இல்லை. ஒரு தொடரில், கோபித்துக்கொண்ட மருமகள் தேனியிலுள்ள பிறந்த வீட்டுக்குக் கிளம்பி மாட்டுத்தாவணியில் நின்றாள். அவ்வளவுதான். "தேனிக்குப் போறவ ஆரப்பாளையத்துலல்ல நிக்கணும்? அங்கிட்டு எதுக்குப் போனா? விடிய விடிய நின்னாலும் பஸ்ஸு வராது, நீ வீட்டுக்கே திரும்பிப் போத்தா." அன்றைக்கு அந்தப் பெண் அழுத அழுகை முழுக்க எங்கள் வீட்டில் வீணாய்ப் போனது.

பேச்சும் அப்படித்தான். மதினி என்று கூப்பிடவேண்டிய இடத்தில் அண்ணி என்றால் அம்மாவுக்கு முகம் சுருங்கும். அப்பத்தாவைப் பாட்டி என்றால் கேட்கவே வேண்டாம். இதற்காகவே 'எதிர்நீச்சல்' எங்கள் தெருவில் தனி மரியாதையோடு ஓடியது. 2022-இல் சன் டிவியில் தொடங்கிய மதுரைக் குடும்பக் கதை. அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். அவர் வாயில் வந்த பேச்சு எழுதிக் கொடுத்து வருகிற பேச்சில்லை. அப்படி ஒரு பெரியப்பா, அப்படி ஒரு மாமனார் இங்கே பல வீட்டில் உண்டு. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு, இறந்துவிட்டார். ஒன்றரை வருடமாக அந்தப் பாத்திரத்தைத் தினமும் கரித்துக் கொட்டிய அம்மா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்று தெரியாதவர் இப்படிச் செய்யமாட்டார்.

இப்போது எனக்குப் பிடித்த புகார். சீரியல் கல்யாணத்தில் மொய் எழுத ஒரு டேபிளைக் காட்டுவதே இல்லை.

மதுரைப் பக்கம் கல்யாணத்துக்கோ காதணி விழாவுக்கோ போனவர்களுக்குத் தெரியும். மண்டபத்தின் நடு நரம்பே அந்த டேபிள்தான். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், ஒருவர் ஊர், பேர், தொகை எழுதுவார். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டர் வைத்து, துண்டுச் சீட்டு அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். தாய்மாமன் சீர் மேளத்தோடு தட்டுத் தட்டாக வரும்போது மைக்கில் கணக்கு வாசிப்பதும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் அந்த மொய் நோட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் வந்தால், எந்தச் சேலை கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால் அந்த நோட்டைத்தான் புரட்டுவார்கள். அவர்கள் நமக்கு ஐந்நூறு செய்திருந்தால் நாம் ஐந்நூறோடு நிற்க முடியாது, மேலே கொஞ்சம் போட்டுத்தான் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால் பேச்சு வரும். பேச்சு வந்தால் பேச்சுவார்த்தை நிற்கும். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வீடுகளை விசாரித்துக்கொண்டே போனால், பாதி வீட்டில் ஏதோ ஒரு செய்முறைக் குறை வந்து நிற்கும்.

ஒரு மொய் நோட்டை வைத்தே நூறு எபிசோடு எழுதலாம். எழுதமாட்டார்கள். சீரியல் வீட்டில் பணம் ஒன்று கோடியில் இருக்கும், இல்லையென்றால் சுத்தமாக இருக்காது. நடுவில் இருக்கிற ஆயிரம், ஐயாயிரம், குழுக் கடனுக்கு வாரத் தவணை கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஆள், இவையெல்லாம் வராது. ஏழைக் கதாநாயகி ரேஷன் கடையில் நின்று நான் பார்த்த நினைவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. "உனக்கு ஏறிருச்சா?" என்ற கேள்வி எங்கள் தெருவில் மாதாமாதம் கேட்கிறது. சீரியல் தெருவில் கேட்பதில்லை.

'மெட்டி ஒலி'யை அம்மா இன்றும் உயர்த்திப் பிடிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். 2002-இலிருந்து 2005 வரை ஓடிய தொடர். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பா, அந்தப் பெண்கள் போன இடத்தில் படுகிற பாடு, அவ்வளவுதான் கதை. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றுபோய் அதை மறுபடி போட்டபோது, பதினைந்து வருடத்துக்கு முன்னால் பார்த்ததையே அம்மா புதிதாய்ப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார். அடுத்த சீன் என்னவென்று எனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அழுதார்.

சரி, மனதில் நினைப்பதை எல்லாம் ஏன் வாய்விட்டுச் சொல்கிறார்கள், ஒரே விஷயத்தை ஏன் நாலு பேர் நாலு தடவை பேசுகிறார்கள் என்பதும் வழக்கமான புகார். ஒருநாள் நீங்கள் டிவியைப் பார்க்காமல், அதைப் பார்க்கிறவரைப் பாருங்கள். அம்மா அடுப்படியில் தோசை ஊற்றுகிறார், திரை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கிறது. மிக்ஸி ஓடினால் அதுவும் கேட்காது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போகக் கதை இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் பாதியைக் காதால் மட்டும் பார்க்கிற ஒருவருக்காகத்தான் அது எழுதப்படுகிறது. "நீ என் தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்காம, அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன பேசினே" என்று யாரும் பேசமாட்டார்கள்தான். ஆனால் இந்த ஒரு வசனத்தில் யார், யாருக்கு என்ன உறவு, முந்தாநாள் எபிசோடில் என்ன நடந்தது, மூன்றும் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பழைய வானொலி நாடகத்தின் வேலை இது. படம் ஒரு கூடுதல்.

இழுவைக்கும் காரணம் உண்டு. பார்க் என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி பொருத்தி, யார் எந்தச் சேனலை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணக்கெடுத்து வாரம் ஒருமுறை வெளியிடுகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் விளம்பரம், அதை வைத்துத்தான் அடுத்த வாரக் கதை. முடிவு முன்கூட்டியே எழுதி வைத்த கதையில்லை இது. எண் ஏறினால் கல்யாணம் தள்ளிப்போகும், இறங்கினால் யாராவது மாடிப்படியில் உருளுவார்கள். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாள் பார்க்கவைக்கிற ஒரு அதிர்ச்சியில் முடியவேண்டும், மறுநாள் அந்த அதிர்ச்சி ஒன்றுமில்லாமல் போகவேண்டும். அப்போதுதான் அடுத்த அதிர்ச்சிக்கு இடம் கிடைக்கும்.

மருத்துவமனைக் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மானிட்டரில் கோடு நேராய்ப் போனதும் நெஞ்சில் ஷாக் வைப்பார்கள். அப்படிக் கோடு நேராகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை, நெஞ்சை அழுத்தி மருந்து கொடுப்பார்கள். நாடியைப் பிடித்து "கங்கிராஜுலேஷன்ஸ்" என்கிற டாக்டரை நாம் இனி திருத்த முடியாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்ஸம்மாவிடம் போய்ப் பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்து அரசு கொடுக்கிற எண்) வாங்குகிற கதாநாயகியை மட்டும் சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட ஆசை.

இனி என் தொழில். மேலே சொன்ன பொய்களால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு பொய் மட்டும் என் ஆபீஸ் படியேறி வருகிறது. அதைத்தான் நான் மன்னிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். ஊர், பேர் வேண்டாம். பெண்ணுக்கு இருபது வயது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த ஒருவன் வழிமறித்து மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் போட்டுவிட்டான். கூட வந்த பெண்கள் கத்தியதும் ஓடிவிட்டான். நடந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கயிறு அப்போதும் அவள் கழுத்தில் இருந்தது, தாவணிக்குள் மறைத்து வைத்திருந்தாள். அம்மாக்காரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி போலீசைப் பற்றியதல்ல. "அண்ணே, இதை நாமளா கழட்டினா பாவமாகாதா? கோர்ட்டுல கேட்டுக் கழட்டணுமா?"

நான் கேட்டேன், கோர்ட்டில் கேட்கவேண்டும் என்று யார் சொன்னது? அவர் பதில் சொல்லவில்லை. மகள்தான் மெதுவாக ஒரு சீரியல் பெயரைச் சொன்னாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அதில் 7ஏ என்ற பிரிவை 1967-இல் தமிழ்நாடு சேர்த்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பதற்காகச் சேர்த்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ, மோதிரம் போடுவதோ, தாலி கட்டுவதோ போதும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அது இரண்டு பேர் சேர்ந்து நடத்திக்கொள்கிற கல்யாணத்தைப் பற்றிய பேச்சு. வழிமறித்துக் கயிறு போடுவது கல்யாணமே இல்லை, குற்றம். சரி, மிரட்டிச் சம்மதிக்கவைத்து மண்டபத்தில் ஊர் கூடியே நடந்திருந்தாலும், வற்புறுத்திப் பெற்ற சம்மதம் என்று சொல்லி அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க 12-ஆம் பிரிவில் வழியிருக்கிறது. அந்த வற்புறுத்தல் நீங்கிய ஒரு வருடத்துக்குள் மனுப் போடவேண்டும், அதற்குப் பிறகு மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. நிஜமாகவே மனமொத்து நடந்த கல்யாணத்துக்கு என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். எந்தச் சீரியல் ஜோடியும் பதிவு அலுவலகம் போவதில்லை.

அந்தப் பெண் என் மேசைக்கு முன்னாலேயே கயிற்றைக் கழற்றினாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். எங்கள் குமாஸ்தா ஒரு பழைய கவரை நீட்டினார். போலீசில் காட்டத் தேவைப்படும் என்று அதில் போட்டு ஒட்டிக்கொண்டு போனார்கள்.

சீரியலில் இந்தக் கட்டாயத் தாலி எத்தனை தடவை வந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்டினவன் மேல் புகார் கொடுக்கிறவள் அபூர்வம். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள்தான் அதிகம். நூறு எபிசோடு கழித்து அவன் நல்லவனாகிவிடுவான். பூ வாடாததைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தப்பாகத் தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. பூ அவர்கள் தினமும் பார்க்கிற பொருள். சட்டத்தைப் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தில் சீரியல் எதைச் சொன்னாலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சொத்துக் கதைகள் இதற்கு நேர் எதிர். முறை தப்பாக இருக்கும், விஷயம் அச்சு அசலாக இருக்கும். தூங்குகிற கிழவியின் பெருவிரலை மையில் ஒற்றி வெற்றுத்தாளில் வைத்தால் வீடு போகாது. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் முன்னால் எழுதிக் கொடுக்கிறவர் நேரில் வந்து, போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால்தான் பதிவாகும். ஆனால் ஏமாற்று வேலை நடக்காமலா இருக்கிறது? முதியோர் பென்ஷனுக்கு என்று சொல்லி ஆட்டோவில் கூட்டிப்போவார்கள். டோக்கன் கூப்பிடும் வரைக்கும் விசிறிவிடுவார்கள். "கேட்டா சம்மதம்னு சொல்லு ஆத்தா" என்று சொல்லிக்கொடுப்பார்கள். முடிந்ததும் ஒரு ஜிகர்தண்டா. ஆறு மாதம் கழித்துத்தான் அது தான செட்டில்மெண்ட், சொத்தை இனாமாக எழுதிக் கொடுக்கிற பத்திரம் என்று தெரியவரும். கத்தி இல்லை, வில்லன் சிரிப்பு இல்லை, பின்னணி இசை இல்லை. பெற்ற பிள்ளை கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிவருவான். (பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.)

பெண்களுக்குப் பங்கு என்ற விஷயமும் அப்படியே. 'எதிர்நீச்சலில்' அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கைச் சுற்றி ஒரு வீடே சுழன்றபோது எங்கள் பார் அசோசியேஷன் டீக்கடையிலேயே அதைப் பேசினோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்துவிட்டது. அப்போது அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. 2005-இல் மத்திய சட்டம் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்கவேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வளவு இருந்தும் நடப்பது என்ன? அண்ணன் ஒரு பட்டுச்சேலை, பழத்தட்டோடு தங்கச்சி வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். கிளம்பும்போது, "ஒரு சின்ன கையெழுத்துத்தா, லோன் போடணும்" என்பான். அது விடுதலைப் பத்திரம், தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவள் எழுதித் தருவது. அவளும் தெரிந்தேதான் சம்மதிப்பாள். அண்ணன் வாசப்படி மிதிக்காமல் போய்விட்டால் நாளைக்குத் தன் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவது என்ற பயம்தான். சட்டப்படி வரவேண்டிய இருபது லட்சத்தை ஒரு சீர்த்தட்டு தள்ளிவிடுகிறது. இதைச் சீரியலில் எடுத்தால் நம்புகிற மாதிரி இல்லை என்று நீங்களே எழுதுவீர்கள்.

ஆகவே, உங்கள் அம்மாவிடம் "இதெல்லாம் பொய்" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். தாலி, பத்திரம், போலீஸ் என்று வருகிற இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் எங்கள் வீட்டில் மறுபடியும் ஒரு கட்டாயத் தாலி. அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏய்யா, இது செல்லாதுல்ல?"

"செல்லாதும்மா."

"அப்ப நாளைக்கு அவுத்து எறிஞ்சிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருவாளா?"

"போகமாட்டா."

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போகமாட்டா," என்றார். "பூவக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியாதவ."